முழங்கால் தேய்வில் நரம்பு நோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் நோவென்று வருபவரிடம் "எப்படி நோகுது?" என்று கேட்டால் அனேகம் பேர் "உளையுது, கடுக்குது" என்பார்கள். சிலர் மட்டும் "எரியுது", "கறண்ட் அடிச்ச மாதிரி", "எறும்பு ஊருது" என்பார்கள். எக்ஸ்ரேயில் இரு சாராருக்கும் ஒரே அளவு தேய்வு தெரியலாம். ஆனால் இரண்டாவது சாராருக்கு வழக்கமான நோக்குளிசை சரியாக வேலை செய்யாது. இங்கே உள்ளவை அவர்களும், அவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு அலையும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்.

தேய்வு நோவுக்கும் நரம்பு நோவுக்கும் என்ன வித்தியாசம்?

தேய்வு நோ வேலையோடு வரும். கதிரையால் எழும்பும்போது, படி இறங்கும்போது, பஸ் மிதிபலகையில் காலைத் தூக்கி வைக்கும்போது கூடும், இருந்தால் குறையும். காலையில் மூட்டுப் பிடித்திருக்கும், அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும். எங்கே என்று கேட்டால் மூட்டின் உட்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டுவார்கள்.

நரம்பு நோவுக்கு வேலை தேவையில்லை. பாயில் சும்மா படுத்திருக்கும்போது எரியும். சுள்ளென்று ஒரு நொடி பாய்ந்து போகும். சீலைக் கரை உரசினாலே நோகும். அதே இடத்தில் தொட்டால் உணர்வு குறைந்து விறைப்பாகவும் இருக்கும். விறைத்த இடமே எரிவது பலருக்கு நம்ப முடியாத விஷயம், ஆனால் நரம்பு நோவின் குணமே அதுதான். இடத்தைக் காட்டச் சொன்னால் விரலால் காட்டமாட்டார்கள், முழு உள்ளங்கையாலும் முழங்காலைச் சுற்றித் தடவுவார்கள்.

நரம்பு நோ உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். "இதுவா அதுவா" என்பதைவிட "இதில் எவ்வளவு, அதில் எவ்வளவு" என்பதே சரியான கேள்வி.

மூட்டுத்தானே தேயுது, நரம்பு ஏன் நோகவேணும்?

தேய்வது கசியிழையம், ஊரில் சவ்வு என்று சொல்வது. அதற்குள் நரம்பே இல்லை, ஆகவே அது தேயும்போது தானாக நோகாது. நோவு அதைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து வருகிறது: கசியிழையத்துக்குக் கீழே உள்ள எலும்பு, மூட்டின் உள்ளுறை, முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டு, மூட்டைச் சுற்றிய பை. இவை எல்லாவற்றிலும் நரம்பு நுனிகள் உண்டு.

மூட்டில் அழற்சி தொடர்ந்து இருந்தால் அங்கே நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கூடுகிறது. அது நரம்பு நுனிகளைச் சுலபத்தில் நோச் செய்தி அனுப்பக்கூடியவையாக மாற்றுகிறது. வழமையாக நரம்பு போகாத இடங்களுக்குள்ளும் புதிய நுனிகள் வளரத் தொடங்கும். இது முதல் படி. மாதக்கணக்கில் மூட்டிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தால் முள்ளந்தண்டுக்குள் அந்தச் செய்தியை வாங்கும் கலங்களும் கூர்மையாகிவிடும். சின்னத் தொடுகையும் அங்கே பெரிய நோவாகப் பதியும். அந்த நிலையில் முழங்காலுக்கு மேலேயும் கீழேயும், சிலவேளை மற்றக் காலிலும் நோ பரவும். றேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே, அதைப் போன்றது.

உலக நோவியல் அமைப்பின் வரையறைப்படி, நரம்பே பழுதானால்தான் அதை நரம்பு நோ என்று சொல்லவேண்டும். பழுதில்லாமல் நோவுணர்வு மட்டும் கூர்மையான நிலைக்கு அவர்கள் 2017இல் வேறு பெயர் கொடுத்தார்கள். முழங்கால் தேய்வில் பலருக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை. கிளினிக்கில் இரண்டுக்கும் கொடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் இந்தப் பக்கத்தில் இரண்டையும் நரம்பு நோ என்றே எழுதுகிறோம்.

எக்ஸ்ரேயில தேய்வு கொஞ்சம்தான் எண்டு சொல்லிச்சினம், ஆனா நோ தாங்கேலாது. பொய்யெண்டு நினைக்கினமோ?

நினைக்கக்கூடாது. எக்ஸ்ரேயில் தேய்வை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் கெல்கிரென்-லோரன்ஸ் முறை 1957இலிருந்து பாவனையில் உள்ளது. அது பார்ப்பது எலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் எலும்பு முள்ளுகளையும். நரம்பை அது பார்ப்பதில்லை. தரம் 4 இருந்தும் சைக்கிளில் சந்தைக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். தரம் 2இல் நித்திரை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். தேய்வு கொஞ்சம், நோ அதிகம் என்றால் நரம்பின் பங்கைத் தேட அதுவே ஒரு காரணம்.

எத்தனை பேருக்கு இப்படி வரும்?

கேள்விக்கொத்து வைத்து எடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இடுப்பு அல்லது முழங்கால் தேய்வு உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நரம்பு நோவின் சாயல் உண்டு. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை நிறைய மாறும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

முடிவு சொல்ல முடியாது. ஆனால் டொக்டரிடம் சொல்வதற்குத் தெளிவான தகவல் எடுக்கலாம். வெளிச்சமான இடத்தில், கதிரையில் இருந்து, இரண்டு முழங்காலையும் திறந்து வையுங்கள். ஒரு சிறு உருண்டைப் பஞ்சு, ஒரு பல்லுக்குத்தும் குச்சி, ஒரு பேனை போதும். வேறொருவர் செய்வது நல்லது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ளவேண்டும்.

முதலில் நோ இல்லாத காலில், தொடையிலிருந்து கீழ்நோக்கிப் பஞ்சால் மெல்ல வருடுங்கள். அதுதான் ஒப்பிடும் அளவு. பிறகு நோக்காலில் அதே இடங்களில் வருடுங்கள். மூன்று விதமான பதில் வரலாம்: ஒரே மாதிரி, குறைவாகத் தெரியுது, பஞ்சு பட்டதே எரியுது. அடுத்து குச்சி நுனியால், தோலைத் துளைக்காமல், அதே வரிசையில் தொடுங்கள். உணர்வு மாறும் இடத்தில் பேனையால் ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தால் விறைத்த இடத்தின் படம் கிடைக்கும். அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். உள்ளங்கை அளவுத் திட்டு முழங்கால் சில்லுக்குக் கீழே உட்பக்கமா, காலுறை போட்ட மாதிரி இரண்டு பாதத்திலிருந்தும் மேலே ஏறுகிறதா, தொடையின் முன்பக்கமா என்பதில்தான் காரணமே ஒளிந்திருக்கிறது.

டொக்டர்கள் பாவிக்கும் டிஎன்4 என்ற கேள்விக்கொத்தும் இதே வழிதான். எரிவு, நோகிற குளிர், கறண்ட் அதிர்ச்சி, கூச்செறிவு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, விறைப்பு, சொறி என ஏழு கேள்வி. தொடுகை குறைவு, குத்துணர்வு குறைவு, வருடினால் நோ என மூன்று பரிசோதனை. பத்தில் நாலு அல்லது அதற்கு மேல் "ஓம்" என்றால் நரம்பு நோ என்று சந்தேகிப்பார்கள். பெயின்டிடெக்ட் என்பது இன்னொன்று. அதில் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் நரம்பு நோவுக்குச் சாத்தியம் கூட, 12 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு.

இது முழங்காலிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான், அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். அறுபது வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பலருக்கு ஏதாவது தேய்வு தெரியும். தெரிந்தவுடன் தேடல் நின்றுவிடுகிறது. நரம்பு வேறிடத்தில் பழுதாகி இருக்கலாம்.

நீரிழிவு: இங்கே முதலில் நினைக்கவேண்டியது. நீரிழிவு நரம்புப் பழுது கால்விரல் நுனியில் தொடங்கும், இரண்டு காலிலும் ஒரே மாதிரி, மெல்ல மேலே ஏறும். அது முழங்கால் உயரத்துக்கு வரும்போது கைவிரல் நுனிகளிலும் விறைப்புத் தொடங்கியிருக்கும். பாதம் நன்றாக இருந்து முழங்கால் மட்டும் எரிந்தால் சீனியில் பழி போடமுடியாது.

பி12 குறைவு: பல வருடம் மெட்ஃபோர்மின் குடிப்பவர்களுக்கும், மச்சம், முட்டை, பால் மூன்றையும் குறைத்தவர்களுக்கும் வரும். இரண்டும் சேர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

முதுகு: இடுப்பு முள்ளந்தண்டின் மூன்றாம், நாலாம் நரம்பு வேர்கள் தொடையின் முன்பக்கத்தாலும் முழங்காலின் உட்பக்கத்தாலும் கணுக்கால் வரை வருகின்றன. அங்கே நெருக்குதல் இருந்தால் நோ முழங்காலில் தெரியும், முதுகில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். நின்றால், நடந்தால் கூடி, முன்னுக்குக் குனிந்தால் அல்லது சந்தை வண்டிலைப் பிடித்துச் சாய்ந்தால் குறைகிறது என்றால் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டும்போது முழங்கால் உதறாவிட்டால் இன்னொரு தடயம்.

இடுப்பு மூட்டு: சப்பாத்துப் போடக் குனிய முடியவில்லை, கவட்டில் நோ, கூடவே முழங்கால் நோ என்றால் எக்ஸ்ரே எடுக்கவேண்டியது இடுப்புக்கு.

முழங்காலின் வெளிப்பக்க நரம்பு: முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படும் எலும்பு முடிச்சைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. வெங்காயத் தறையில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து களை பிடுங்கினால், அல்லது காலுக்கு மேல் கால் போட்டபடியே இருந்தால் அது நசியும். காலின் வெளிப்பக்கமும் பாத மேற்புறமும் விறைக்கும். பாதத்தை மேலே தூக்கமுடியாமல் செருப்புக் கழன்று விழத் தொடங்கினால் நாள் கடத்தக்கூடாது.

உட்பக்க நரம்பின் கிளை: முழங்கால் சில்லுக்குக் கீழே உட்பக்கத்தில் ஒரு திட்டு மட்டும் எரிந்து விறைக்கும். இறுக்கமான முழங்கால் உறை, அடிக்கடி முழந்தாள்படியிடுதல், பழைய ஒப்பரேசன் தழும்பு ஆகியவை காரணங்கள்.

இரண்டு அரிதான ஆனால் மறக்கக்கூடாத காரணங்களும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து சில நாளில் கொப்புளம் போட்டால் அது அக்கி; கொப்புளம் தெரிந்த 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. தோலில் உணர்வற்ற வெளிறிய திட்டு இருந்தால் தொழுநோயையும் சோதிக்கவேண்டும். அது இலங்கையில் இன்னும் உண்டு. முழுதாகக் குணப்படுத்தலாம், மருந்து இலவசம். வெட்கப்பட்டு ஒளித்தால்தான் நரம்பு நிரந்தரமாகப் போகும்.

என்ன டெஸ்ட் எடுக்கவேணும்? எம்ஆர்ஐ வேணுமா?

முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுத்து நரம்பு நோவைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் தேவை கையால் செய்யும் பரிசோதனை: பஞ்சு, ஊசி, பாதத்தில் நைலோன் இழை, அதிர்வுக் கவை, சுத்தியல். இரத்தத்தில் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனி அளவு), பி12, தைரொயிட், கிரியட்டினின். கிரியட்டினின் ஏனென்றால் பின்னால் வரும் மருந்துகளின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது. நரம்புக் கடத்தல் பரிசோதனையும் முதுகு எம்ஆர்ஐயும் மேலே சொன்ன தடயங்கள் இருந்தால் மட்டும்.

பனடோலும் டைக்குளோபினக்கும் போட்டும் குறையேல்லை. கூட்டிப் போடலாமோ?

வேண்டாம். பனடோல் 500 மி.கி. குளிசை ஒரு முறைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, நாளுக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. மெலிந்த வயோதிபருக்கும் ஈரல் நோயுள்ளவருக்கும் அதிலும் குறைவு. தடிமன் குளிசைகளிலும் அதே மருந்து இருக்கும், அதையும் எண்ணவேண்டும்.

டைக்குளோபினக் அழற்சியைக் குறைக்கும். தேய்வு நோவுக்கு உதவும். எரிவுக்கும் கறண்டுக்கும் அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. குறையவில்லை என்று இரண்டு மூன்றாகப் போட்டால் குடலில் புண்ணும் சிறுநீரகப் பழுதும்தான் மிச்சம். பிரசருக்கு லொசாட்டன் அல்லது எனலாப்ரில், கூடவே சிறுநீர் போகும் குளிசை, அதற்கு மேல் டைக்குளோபினக் என மூன்றும் சேர்வது சிறுநீரகத்துக்குப் பெரிய ஆபத்து. சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தபடி என்றால் இன்னும் மோசம். முழங்காலுக்கு டைக்குளோபினக் ஜெல் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

நரம்புக் குளிசை எண்டு குடுக்கிறது என்ன? எவ்வளவு நாள்?

நாலு பெயர் அடிபடும். எல்லாமே சின்ன அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுபவை. இரண்டு நாளில் முடிவு பார்க்கக்கூடாது.

டுலொக்செட்டீன்: முழங்கால் தேய்வில் சோதிக்கப்பட்டு ஓரளவு பயன் காட்டியது இதுதான். அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரியின் 2019 வழிகாட்டலில் முழங்கால் தேய்வுக்கு நிபந்தனையோடு பரிந்துரைக்கப்பட்டது. வழமையாக 30 மி.கி. ஒரு கிழமை, பிறகு 60 மி.கி. ஓங்காளம் முதல் பத்து நாளில் வரும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். இது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்பதால் பெட்டிக்குள் இருக்கும் துண்டை வாசித்துவிட்டு "எனக்கு விசரே?" என்று கோபித்துக்கொண்டு நிறுத்துபவர்கள் உண்டு. முள்ளந்தண்டிலிருந்து மூளைக்குப் போகும் நோச் செய்தியைத் தணிக்கும் வேலையை அது தனியாகச் செய்கிறது. டிரமடோல் என்ற நோக்குளிசையோடு சேர்க்கக்கூடாது என்பதை டொக்டருக்கு ஞாபகப்படுத்துங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் தினம் மது குடிப்பவர்களுக்கும் ஒத்துவராது. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரும்.

அமிட்ரிப்டிலீன்: 10 மி.கி., இராச்சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்க ஒரு மணித்தியாலம் முன். மலிவு, நித்திரை தரும். வாய் காயும், மலம் இறுகும். புரொஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைக்கும். கண் அழுத்தம், இருதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் முன்னமே சொல்லவேண்டும்.

பிரகபாலினும் கபபென்டினும்: நீரிழிவு நரம்பு நோவுக்கு நன்றாக வேலை செய்பவை. தேய்வு மட்டும் உள்ளவர்களில் இவற்றுக்கான சான்று மெலிது, ஆகவே நரம்புப் பழுதின் அடையாளம் தெளிவாக இருந்தால்தான் பொருந்தும். வயோதிபருக்குப் பிரகபாலின் 25 அல்லது 50 மி.கி. இரவில் தொடங்குவது பாதுகாப்பு. கணுக்கால் வீங்கும், அது இருதய வருத்தம் என்று பயந்து வேறு மருந்து தொடங்கிவிடுவார்கள். தலை சுற்றும். கக்கூஸ் வளவின் பின்பக்கம் இருக்கும் வீடுகளில் இதுதான் பெரிய ஆபத்து. முதல் இரண்டு கிழமை இரவில் தனியாக வெளியே போகவிடாதீர்கள். கட்டிலருகே ரோச்சும், முடிந்தால் சிறுநீர்ச் சட்டியும் இருக்கட்டும். இந்தக் குளிசை இலங்கையில் போதைக்காகவும் விற்கப்படுவதால் பாமசியில் மருந்துத் துண்டு கேட்பார்கள். அதற்குக் கோபிக்கவேண்டாம்.

ஆறு முதல் எட்டுக் கிழமை, சரியான அளவில் எடுத்த பிறகு கணக்குப் பாருங்கள். 10க்கு 8 ஆக இருந்த நோ 5 அல்லது 6க்கு வந்தால் மருந்து வேலை செய்கிறது. பூச்சியத்துக்கு வரும் என்று எதிர்பார்ப்பவர் நல்ல மருந்தையும் நிறுத்திவிடுவார். ஒன்றுமே மாறாவிட்டால் மெல்லக் குறைத்து நிறுத்துவது சரி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது சரியல்ல.

விற்றமின் ஊசி, நரம்பு விற்றமின் குளிசை போட்டால் என்ன?

பி12 குறைந்தவருக்கு பி12 அவசியம், நரம்பைக் காப்பாற்றும். குறையாதவருக்கு அது முழங்கால் நோவைக் குறைக்காது. பி1, பி6, பி12 மூன்றும் கலந்த குளிசைகளில் கவனம் தேவை: ஒரு நாளுக்கு 2 மி.கி. அளவே போதுமான பி6 சிலவற்றில் 100, 200 மி.கி. இருக்கும். மாதக்கணக்கில் எடுத்தால் பி6 தானே நரம்பைப் பழுதாக்கி விறைப்பை உண்டாக்கும். "நரம்புக்கு நல்லது" என்று வருடக்கணக்கில் விழுங்கும் பழக்கத்துக்கு இது போதிய பதில்.

எண்ணெய், ஒத்தடம், சித்த மருந்து?

இளஞ்சூட்டு ஒத்தடம் தேய்வு நோவுக்குச் சுகம் தரும், நொச்சி இலை போட்டாலும் சரி, வெறும் துவாயில் என்றாலும் சரி. ஆனால் விறைத்த தோலுக்குச் சூடு தெரியாது. சுடுதண்ணிப் போத்தலைக் காலில் வைத்தபடி நித்திரையாகி, நீரிழிவுக் காலில் கொப்புளம் போட்டு, கடைசியில் விரலையே இழப்பவர்கள் இருக்கிறார்கள். சூட்டை உணர்வுள்ளவர் ஒருவர் முழங்கையால் பார்த்து, துவாய் சுற்றி, 15 நிமிடம் மட்டும் வைக்கவேண்டும். எரிவு கூடுதலாக உள்ள சிலருக்குக் குளிர் ஒத்தடமே ஒத்துவரும்.

எண்ணெய் பூசலாம், தொட்டாலே எரியும் இடத்தில் ஊன்றித் தேய்க்கக்கூடாது. இரவில் வலிந்து உருவிவிட்டால் அடுத்தநாள் நோ கூடுவது கைராசி சரியில்லாததால் அல்ல, கூர்மையான நரம்பைக் கிண்டியதால்.

சித்த மருத்துவம் பார்ப்பவர்கள் கைதடிச் சித்த போதனா வைத்தியசாலை போன்ற பதிவுள்ள இடத்தில் பார்க்கவும், அங்கே குடிக்கும் மற்றக் குளிசைகளையும் சொல்லவும். பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் தூளைப் போட்ட அன்றே நோ பறந்துவிட்டால் சந்தேகிக்கவேண்டும். அப்படியான தூள்களில் ஸ்டீரொயிட் கலந்திருப்பது உண்டு. நீரிழிவு கட்டுக்கடங்காமல் போவதும் முகம் ஊதுவதும் அதன் அடையாளம்.

மிளகாயின் உறைப்புச் சத்தான கப்சாயிசின் 0.025 வீதக் கிறீம், பட்டாணி அளவு, நாளுக்கு நாலு தடவை. முதல் கிழமை எரிவு கூடும். இரண்டு முதல் நாலு கிழமையில் நரம்பு நுனிகள் ஓயும். குளித்த உடனே பூசாதீர்கள், பூசிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். செத்தல் மிளகாயை அரைத்துப் பூசுவது இதற்கு ஈடல்ல; அது தோலைப் பொசுக்கும்.

முழங்கால் உறை போடலாமா?

நடக்கும்போது மட்டும். இரண்டு விரல் உள்ளே போகும் தளர்வு வேண்டும். தொட்டால் எரியும் முழங்காலுக்கு உறை உதவாது. கழற்றிய பின் தோலில் வரி ஆழமாகப் பதிந்திருந்தால் அளவு சிறியது.

எரியுற காலுக்கு உடற்பயிற்சியா?

ஓம். நரம்பு நோவுள்ளவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான்: நோ குறைந்த நாளில் வளவு முழுக்கக் கூட்டி, உடுப்புத் தோய்த்து, கிணற்றில் தண்ணி அள்ளிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுப்பது. கூர்மையான நரம்பு இந்த ஏற்ற இறக்கத்தில்தான் கெடுகிறது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு வேண்டும்.

10 நிமிடம் நடந்தால் நோ கிளம்புகிறது என்றால் 7 நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு கிழமை அதே 7. பிறகு கிழமைக்கு ஒரு நிமிடம். பயிற்சி நேரத்தில் நோ 10க்கு 5 வரை போகலாம். அடுத்தநாள் இதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வரவேண்டும். வராவிட்டால் அளவு கூட.

தொடைத் தசைக்கு: கட்டிலில் காலை நீட்டி இருந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, முழங்காலால் துவாயைக் கட்டிலோடு அமத்துங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, காலை பின்னேரம். மூச்சை அடக்கக்கூடாது. இரண்டு கிழமைக்குப் பிறகு, கையூன்றாமல் கதிரையால் எழும்பி மெல்ல இருப்பது, ஐந்து தடவையில் தொடங்கிப் பத்து வரை. பிளாஸ்ரிக் கதிரை வழுக்கும். சுவரோடு சாத்திய மரக்கதிரை நல்லது. இருக்கை தாழ்வென்றால் ஒரு தலையணை.

தண்ணீருக்குள் நடப்பது இன்னும் நல்லது: இடுப்பளவு தண்ணீரில் உடல் பாரம் ஏறக்குறைய பாதியாகும். கீரிமலைக் கேணிக்குப் போகும் வழக்கமுள்ளவர்கள் குளிக்கும்போதே ஐந்து நிமிடம் நடக்கலாம். பாசி பிடித்த படியில் ஒருவர் கைபிடிக்கவேண்டும்.

சைக்கிள் ஓடலாம். இங்கே அனேகம் பேர் கால் நிலத்தில் முழுதாக ஊன்றவேண்டும் என்று சீற்றைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். அப்படி மிதித்தால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மிஞ்சி மடங்கும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்று மட்டும் மடிந்திருக்கும் உயரத்துக்கு ஏற்றுங்கள். சோளகம் எதிரே அடிக்கும் மாதங்களில் தூரத்தைக் குறையுங்கள்.

கோயிலில் அடியழிக்கலாமா, சேர்ச்சில் முழந்தாளிடலாமா?

நல்லூர்த் திருவிழா 25 நாள். அத்தனை நாளும் அடிக்கொரு தடவை விழுந்து கும்பிட்டு அடியழித்தால் எரியும் முழங்கால் தாங்காது. ஒரு நாளை நேர்ந்துகொண்டு, அதற்கு முன்னும் பின்னும் ஓய்வு வைக்கலாம். முழந்தாளிடும்போது மெத்தையான திண்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கதிரை விளிம்பில் இருந்து குனிந்தாலும் செபம் செபம்தான். வீட்டில் திருவலையில் குந்தித் தேங்காய் துருவுவதை மேசையில் பூட்டும் திருவலைக்கு மாற்றுவது குளிசையைவிடப் பெரிய வைத்தியம். குந்தும் கக்கூசுக்கு மேல் வைக்கும் கொமட் கதிரையும் அப்படித்தான்.

நிறை குறைத்தால் நரம்பு நோ குறையுமா?

குறையும், இரண்டு வழியில். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் அழற்சிப் பொருட்களும் குறைகின்றன.

ஊசி போட்டால்?

மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி, வீங்கிச் சூடான முழங்காலுக்குச் சில கிழமை சுகம் தரும். எரிவு மட்டும் உள்ள, வீக்கமில்லாத முழங்காலில் பயன் குறைவு. நீரிழிவுக்காரருக்குச் சில நாள் சீனி ஏறும். அந்தக் கிழமை அடிக்கடி பார்க்கவேண்டும். அடிக்கடி போட்டால் கசியிழையமே கெடும்.

முழங்காலைச் சுற்றிய மூன்று சிறு நரம்புகளை ரேடியோ அலைச் சூட்டால் மரக்கச் செய்யும் முறை உண்டு. முதலில் மரப்பூசி போட்டுச் சோதிப்பார்கள். அதில் நோ பாதிக்கு மேல் குறைந்தால்தான் அடுத்த படி. நரம்பு திரும்ப வளர்வதால் பலன் மாதக்கணக்கில், நிரந்தரமல்ல. ஒப்பரேசன் தாங்க முடியாத வயோதிபருக்கு யோசிக்கலாம்.

நரம்பு வளர்ச்சிக் காரணியையே தடுக்கும் டனெசுமப் என்ற ஊசி பற்றி இணையத்தில் வாசித்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. நோவை அது குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாக அழிந்தது. 2021இல் அமெரிக்க ஆலோசனைக் குழு எதிராக வாக்களித்தபின் கம்பனியே திட்டத்தைக் கைவிட்டது.

மூட்டு மாத்தினால் எல்லாம் போயிடுமோ?

தேய்வு நோ அனேகமாகப் போகும். நரம்பு நோவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. முழங்கால் மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோ நீடிக்கிறது. ஒப்பரேசனுக்கு முன்னமே எரிவும் பரந்த நோவும் இருந்தவர்களுக்குச் சந்தர்ப்பம் கூட. அதற்காக ஒப்பரேசன் கூடாது என்பதல்ல. நரம்பு நோவை முதலில் மருந்தால் தணித்து, சீனியைக் கட்டுப்படுத்தி, முதுகையும் பார்த்துவிட்டுப் போகவேண்டும். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு திட்டு விறைப்பது வழமை. அந்த நரம்புக் கிளை வெட்டில் அகப்படும். முன்னமே தெரிந்தால் பயப்படமாட்டீர்கள்.

உடனே ஓடவேண்டிய நிலை எது?

காய்ச்சலோடு முழங்கால் சிவந்து வீங்கிச் சுட்டால். பாதம் திடீரென்று தொங்கினால். சலமலம் கட்டுப்படாமல் போனால், அல்லது இருக்கும்போது கதிரையில் படும் இடம் விறைத்தால். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால். விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டால். இவற்றுக்குக் கிளினிக் திகதி பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது, அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள்.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது? போனால் மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

"முழங்கால் நோ" என்று மட்டும் சொன்னால் பழைய குளிசையே திரும்ப எழுதப்படும். முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்: "இரவில படுத்திருக்கேக்க எரியுது, சீலை பட்டாலும் நோகுது, இந்த இடம் விறைப்பு." பேனைப் படத்தைக் காட்டுங்கள். முந்தின ஒரு கிழமைக்குக் காலை, பின்னேரம், படுக்கை நேரம் என மூன்று வேளையும் 10க்கு எத்தனை என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை தரம் நித்திரை முறிந்தது என்பதையும்.

குடிக்கும் எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: நீரிழிவுக் கிளினிக்கில் தந்தது, பாமசியில் துண்டில்லாமல் வாங்கியது, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பியது, சித்த மருந்து, எல்லாம். கனடாவிலிருந்து வரும் குளுக்கோசமின் போத்தலையும் சேர்த்து. அது கெடுதலில்லை என்றாலும் மேலே சொன்ன 2019 வழிகாட்டல் அதை வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்கிறது. நெடுந்தீவிலிருந்து வள்ளம் ஏறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பிறகு பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வருபவருக்கு ஒரு றிப்போட்டை மறந்தால் ஒரு முழு நாள் போய்விடும். கிளினிக் கொப்பி, இரத்த றிப்போட், எக்ஸ்ரே மூன்றும் ஒரே உறையில் எப்போதும் இருக்கட்டும். தளர்வான சாரம் அல்லது பாவாடை உடுத்துப் போங்கள். இறுக்கமான காற்சட்டையோடு போனால் முழங்காலைப் பார்க்காமலே பரிசோதனை முடிந்துவிடும்.